கோல் விழாமலே குதித்த கூட்டம்

எங்கள் மில் ஆட்கள் பந்தாட்டத்தில் கோல் விழுந்தால் கத்தமாட்டார்கள், குதிப்பார்கள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே எம்பி எம்பிக் குதிப்பார்கள். மேஸ்திரி, கூலி, கிழவர், குமரர் என்ற பேதமே கிடையாது. நானூறு பேர் ஒரே சமயத்தில் செம்மண்ணில் வந்து இறங்கினால் எழும்பும் புழுதியில் ஆடுகளமே சற்று நேரம் தெரியாது. போத்தனூர்ப் பக்கமிருந்து ஆட வந்த அணி ஒன்று எங்களுக்குத் 'தவளைக் கூட்டம்' என்று பேர் வைத்துவிட்டுப் போயிற்று. எங்கள் ஆட்களுக்கு அதில் கோபமே இல்லை, பட்டம் கிடைத்ததாக நினைத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் மானம் போயிற்று.

இந்தக் குதியல் மில்லுக்குள்ளிருந்து வந்தது. பைகாரா மின்சாரம் வந்து கோயமுத்தூரைச் சுற்றி மூலைக்கொரு மில் எழும்பிக்கொண்டிருந்த முப்பதுகள் அவை. நான் வேலை பார்த்தது ரிங் பிரேம் கூடத்தில். பஞ்சுத் திரியை நூலாக முறுக்கும் இயந்திரங்கள் அங்கே வரிசை வரிசையாக ஓடும். அறுந்த நூலை ஒட்டிவிடுவது என் வேலை. அந்த இரைச்சலில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் விளங்கும். அதனால் பேச்செல்லாம் கையால். இயந்திரங்கள் ஆள் உயரத்துக்கு மறைத்துக்கொண்டு நிற்பதால் கையைத் தூக்கினால் மட்டும் போதாது, குதிக்கவும் வேண்டும். ஒற்றைக் கையைத் தூக்கிக் குதித்தால், 'இங்கே வா, ஏதோ ஆகிப்போயிற்று' என்று அர்த்தம். பெல்ட் நழுவியிருக்கும், அல்லது யாருடைய விரலாவது மாட்டியிருக்கும். நூல் சுற்றி நிறைந்த பாபின்களைக் கழற்றி வெறும் பாபின்களை மாட்டி முடித்தால் இரண்டு கையையும் தூக்கிக் குதிக்கவேண்டும். 'முடிந்தது, ஓட்டு' என்று அதற்கு அர்த்தம். நாள் முழுக்க இப்படிக் குதித்துக்கொண்டிருந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பந்து கம்பத்துக்குள் போனதும் வேறென்ன செய்வார்கள்? முடிந்தது என்று இரண்டு கையையும் தூக்கிவிட்டார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது.

எங்கள் கூட்டத்தில் மற்றவர்களைவிட ஒரு விரற்கடை உயரமாகக் குதித்தவர் என் மாமியார்.

எங்கள் பக்கம் மாமியாரை அத்தை என்போம். அத்தைக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. அவிநாசிக்கு வடக்கே மானாவாரிக் காட்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்த குடும்பம். மாமனார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், ஆறு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கோயமுத்தூர் மில்லுக்கு நடந்தே வந்தவர். அதே கூடத்தில், எனக்கு நேர் எதிர் வரிசையில் வேலை. நான் மருமகளாக வந்ததும் என்னை மில்லில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அவருக்குப் பந்தாட்டத்தில் அப்படி என்ன பைத்தியம் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. பிற்பாடு அவரே சொன்னார். அந்த ஒன்றரை மணி நேரமும் அவரிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்களாம். அடுப்பும் இல்லை, அறுந்த நூலும் இல்லை. ஒரு பந்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கலாம்.

நான் அவர் வீட்டுக்கு வந்து இரண்டாவது வருடம், எங்கள் அணி ஒரு பெரிய ஆட்டத்தில் தோற்றது. வீட்டுக்கு வந்த அத்தை மூலையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு இருந்த கொழுப்புக்கு அடக்கமுடியவில்லை, சிரித்துவிட்டேன். சிரித்ததோடு விட்டேனா? "பந்து ஓட்டைக்குள்ள போகலீன்னா ஒரு பொம்பள அழுவாளுங்களா? பக்கத்து ஊட்டுல கேட்டாச் சிரிப்பாங்க" என்றும் சொல்லிவைத்தேன். அத்தை கண்ணைத் துடைத்தார். "இனி உனக்கும் எனக்கும் பேச்சில்ல" என்றார். சொன்னபடியே நின்றார்.

எட்டு மாதம். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், எட்டு மாதம் ஒரு வார்த்தை இல்லை. சோறு வேண்டுமென்றால் தட்டைத் தள்ளுவார். எனக்கு ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் பூனையைப் பார்த்துச் சொல்வார். என் வீட்டுக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் இடி வாங்கினார். நானும் லேசுப்பட்டவளா? 'போனால் போகட்டும், எனக்கென்ன' என்று முறுக்கிக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால் மில்லுக்குள் நாங்கள் பேசிக்கொள்வோம். நூல் வேலை காத்திருக்காதே. அவர் கையைத் தூக்கினால் நான் ஓடவேண்டும், நான் தூக்கினால் அவர் ஓடிவருவார். சாயங்காலச் சங்கு ஊதியதும் அந்தப் பேச்சும் நின்றுவிடும்.

இப்படி இருக்கும்போது மலை எஸ்டேட் அணியோடு கோப்பை ஆட்டம் வந்தது.

வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இரண்டு லாரியில் மலையிறங்கி வந்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் காலில் பூட்ஸ். கூட வந்தவர்கள் கையில் தப்பட்டையும் தகரமும். எங்களுக்கு வாய் இல்லாத குறையை அவர்கள் தீர்த்துவைத்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அடிக்க ஆரம்பித்தவர்கள் ஒரு நிமிடமும் ஓயவில்லை.

எங்கள் அணிக்கு அந்த வருடம் புதிதாக ஒரு கோல் கீப்பர் வந்திருந்தார். கோட்டைமேட்டுப் பையன், ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். பந்தைப் பிடிக்கும் கைக்காகவே மில்லில் எடுத்திருந்தார்கள். ஆனால் நிரந்தர வேலை இல்லை, பதிலி. யாராவது வராத நாளில் வேலை, மற்ற நாளில் கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டும். கோப்பையை ஜெயித்துக் கொடுத்தால் நிரந்தரமாக்குவதாக மில்லில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். இது எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கீழே இரண்டு தங்கைகள் என்பதும் தெரியும்.

ஞாயிறானாலும் என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு இயந்திரம் துடைக்கிற ஷிப்ட். "அம்மா தனியாப் போகுது, நீயும் கூடப் போயிரு" என்று என்னைத் தள்ளிவிட்டார். எனக்கு வேண்டாவெறுப்பு. மற்றப் பெண்கள் மில் சுவரோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அத்தை அங்கே நிற்கவில்லை. மைதானத்தின் எதிர்மூலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தோட்டத்துக் கிணறு உண்டு. எருது கட்டிக் கவலை இறைக்கிற கிணறு. அதன் மேடை நிலத்தைவிட உயரம், அதில் ஏறி நின்றால் ஆட்டம் முழுக்கத் தெரியும். அது அத்தையின் இடம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் எருது, தண்ணீர் மொள்ளும் சால், கயிறு எதுவும் இல்லை. அத்தை மேடை விளிம்பில் நின்றார். நான் பத்தடி தள்ளி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். கூட்டம் மைதானத்தின் அந்தப் பக்கம் நின்றிருந்தது. எங்களுக்குக் கிட்டத்தில் இருந்தது எங்கள் கோல் கம்பமும் அதைக் காத்த அந்தப் பையனும் மட்டும்தான். அதுவும் அறுபது எழுபது கெஜம் இருக்கும்.

முதல் பாதி முடியப்போகிற நேரம். எங்கள் ஆள் ஒருவர் பந்தை உருட்டிக்கொண்டே போய் மலைக்காரர்களின் கம்பத்துக்குள் போட்டார். கூட்டம் குதித்தது. புழுதி எழும்பியது. அத்தையும் குதித்தார்.

முதல் குதியில் மேடைக்கே வந்து இறங்கினார். இரண்டாவது குதியில் விளிம்புக் கல் பெயர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது மேடையில் யாரும் இல்லை.

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். மூன்று ஆள் ஆழத்தில் தண்ணீர். அத்தை ஒரு முறை முங்கி மேலே வந்து, பக்கச் சுவரில் நீட்டியிருந்த ஒரு பாறை முனையை இடது கையால் பற்றியிருந்தார். வலது தோள் ஒரு மாதிரி தொங்கியது. சீலை நனைந்து அவரைக் கீழே இழுத்தது. எனக்கு நீச்சல் தெரியாது, அவருக்கும் தெரியாது. நான் போட்ட கூச்சலில் எனக்கே காது அடைத்தது, ஆனால் தப்பட்டைச் சத்தத்தில் அது எங்கே எடுபடும்? ஓடிப்போய் ஆளைக் கூட்டிவரலாம் என்று திரும்பினேன். அப்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"கண்ணு, என்னைய உட்டுப்போட்டுப் போயிராத!"

எட்டு மாதத்துக்குப் பிறகு அத்தை என்னோடு பேசிய முதல் வார்த்தை. அதைக் கேட்ட பிறகு காலை எடுத்து வைக்க முடியவில்லை. என் முகம் மேலே தெரிகிறவரைதான் அவர் கை அந்தப் பாறையைப் பிடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே அங்கேயே நின்று, உடம்புக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன்.

கூட்டம் என்னைப் பார்த்தது. பார்த்துச் சந்தோஷப்பட்டது!

அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பந்தாட்டத்தைப் பார்த்துச் சிரித்தவள், அதற்காக மாமியார் பேச்சையே இழந்தவள் என்று மில் முழுக்க என்னைத் தெரியும். அப்படிப்பட்டவள் கிணற்றுமேட்டில் ஏறிக் குதிக்கிறாள். "அட, மருமவளும் நம்ம பக்கம் வந்துட்டாளப்பா!" என்று யாரோ சொன்னாராம். உடனே எனக்குப் பதில் மரியாதையாக நானூறு பேரும் மறுபடி குதித்தார்கள். நான் இன்னும் உயரமாகக் குதித்தேன். அவர்களும் உயரமாகக் குதித்தார்கள். நான் அழுதுகொண்டே குதித்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே குதித்தார்கள். நடுவரும் விசிலை ஊதி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். தினமும் கூடத்தில் ஒற்றைக் கையைக் கண்டதும் ஓடிவருகிறவர்கள்தான் எல்லோரும். அன்றைக்கு ஒருவர் கண்ணுக்கும் அது ஒற்றைக் கையாகத் தெரியவில்லை. என் வாழ்நாளில் அத்தனை பேர் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதும் கிடையாது, அத்தனை தனியாக நான் நின்றதும் கிடையாது. கீழே அத்தையின் கை வழுக்கி, மறுபடி பிடித்தது.

அந்தக் கோட்டைமேட்டுப் பையன் திரும்பினார். பந்து நடுமைதானத்தில் இருந்தது. கூட்டம் எதற்காகக் குதிக்கிறது என்று முதலில் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு அவர்கள் பார்க்கிற திசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு கண் இமைக்கிற நேரம் அவர் அசையவில்லை. அடுத்த கணம் கோல் கம்பத்தை அப்படியே விட்டுவிட்டு என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு அப்போதும் வேடிக்கைதான். கீப்பரும் குதிக்கப் போகிறார் என்று கைதட்டினார்கள். மலைக்காரர் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரே காலிக் கம்பம். இருந்த இடத்திலிருந்தே ஓங்கி ஒரு உதை. பந்து மூன்று தரம் எகிறி, தடுக்க ஆளில்லாமல் உள்ளே உருண்டு போயிற்று. நடுவர் விசில் ஊதினார். மலைக்காரர்களின் தப்பட்டை இரண்டு மடங்கு அதிர்ந்தது.

எங்கள் கூட்டம் குதிப்பதை நிறுத்தியது அப்போதுதான். "டேய், காசு வாங்கிட்டாண்டா!" என்று ஒரு சத்தம். "புடி அவனை!" என்று இன்னொன்று. நானூறு பேரும் அவரை உதைக்க மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தார்கள். அவர் திரும்பியே பார்க்கவில்லை. மேடையில் ஏறினார், குனிந்து ஒரு பார்வை பார்த்தார், காலை முன்னால் விட்டுக் குதித்தார்.

அடிக்க வந்தவர்களில் முதலில் வந்து சேர்ந்தது எங்கள் ரிங் பிரேம் மேஸ்திரி. பெரிய மீசைக்காரர், கையில் செருப்பை எடுத்துவைத்திருந்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே அந்தப் பையன் அத்தையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி செருப்பைக் கீழே போட்டார். தலையிலிருந்த உருமாலை அவிழ்த்தார். அடுத்தவர் தன் துண்டை எடுத்து அதில் முடிந்தார். அதற்கடுத்தவர் வேட்டியையே அவிழ்த்தார். கண்மூடித் திறப்பதற்குள் முப்பது நாற்பது முழம் துணி கயிறாகிவிட்டது. மலைக்காரர்களும் ஓடி வந்து தலைப்பாகைகளை நீட்டினார்கள். கோவணத்தோடு நின்ற கூட்டத்தை நான் அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். அன்றைக்கு யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை, எனக்கும் இல்லை.

கீழேயிருந்து அந்தப் பையன் அத்தையின் இடுப்பில் துணியைச் சுற்றி முடிந்தார். "மெதுவா இழுங்க, தோள் எறங்கியிருக்குது!" என்று கத்தினார். தப்பட்டை நின்றுபோயிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. இழுத்தார்கள். மேலே வந்த அத்தையை நான் மடியில் போட்டுக்கொண்டேன். குடித்த தண்ணீரையெல்லாம் என் சீலையில் கக்கிவிட்டு, கண்ணைத் திறந்து, "நம்ம கோல் செல்லுச்சா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் இன்னொரு தடவை கிணற்றில் தள்ளலாமா என்று இருந்தது.

அந்தப் பையனை மேலே ஏற்றியபோது வலது காலில் ரத்தம் கொட்டியது. குதித்ததில் உள்ளே இருந்த பாறையில் பட்டுப் பாதம் பிளந்திருந்தது. மலை அணித் தலைவர் நடுவரிடம் போய், "அந்தக் கோல் எங்களுக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிப் பார்த்தார். நல்ல மனுஷர். நடுவர், விசில் ஊதினது ஊதினதுதான் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது பாதியில் வேறொருவர் கம்பத்தில் நின்றார். பந்து வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பாய்கிற ஆள். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். கோப்பை லாரியில் ஏறி மலைக்குப் போயிற்று.

அன்றைக்குத் தூக்கம் வராமல் நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்தப் பதிலி வேலையைப் பற்றித்தான். எங்கள் வீட்டு உயிரைக் காப்பாற்றப் போய் தன் பிழைப்பைத் தொலைத்துக்கொண்டாரே!

அத்தைக்கு அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை, தோளில் கட்டோடு, வேண்டாம் வேண்டாமென்று நான் சொல்லச்சொல்ல மில்லுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு ஷிப்ட், நானும் கூடப் போனேன். கேட்டுக்கு வெளியே அந்தப் பையன் காலில் துணி சுற்றிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். அத்தை நேராக அவரிடம் போய், இரண்டு கையையும் கூப்ப முடியாமல் நல்ல கையை மட்டும் நெஞ்சில் வைத்தார்.

"தம்பி, எனக்காக உன்ற பொழப்பக் கெடுத்துக்கிட்டயே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா."

"இத்தன சனம் பாத்துச்சு. உனக்கு மட்டும் எப்படித் தம்பி தெரிஞ்சுது?"

அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "அக்கா ஒத்தக் கையத்தான் தூக்கியிருந்தாங்க. பதிலிக்காரன் நானுங்க. எந்தக் கை எப்ப மேல போகும், எப்பக் கூப்பிடுவாங்கன்னு பாத்துக்கிட்டே நிக்கறதுதானுங்களே என்ற வேலை."

மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார். நாங்கள் மூன்று பேரும் போனோம், மேஸ்திரியும் பின்னால் வந்தார். மேனேஜர் எரிந்து விழுகிற மனிதர், பந்தாட்டத்தில் அத்தைக்குக் குறையாத பைத்தியம். கோப்பை வைக்க மேசை மேல் இடம்கூட ஒதுக்கிவைத்திருந்தார். அந்தப் பையனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆட்டத்துக்கு நடுவுல கம்பத்தை விட்டுட்டு ஓடுனவன என்னய்யா செய்யறது?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

மேஸ்திரி மீசையைத் தடவினார். "கோலுக்கு இவன் ஆகமாட்டானுங்க. என்ற கூடத்துக்குக் குடுத்துருங்க. நானூறு பேர் நாங்க இருந்தும், ஒரு கை தூக்குனது எங்க கண்ணுல படலீங்க. இவன் கண்ணுல பட்டுது. நாளைக்கு யாரு கையாச்சும் பெல்ட்டுல மாட்டுனா எனக்கு இப்படி ஒருத்தன் வேணுமுங்க."

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எழுதிக்கங்க" என்றார் கடைசியில், குமாஸ்தாவைப் பார்த்து. "பெர்மனென்ட். ஆனா இனிமே கம்பத்துப் பக்கம் வரக்கூடாது."

அப்படியே ஆயிற்று. பாதம் ஆறிய பிறகும் அவர் திரும்ப ஆடவில்லை. எங்கள் கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார், மேஸ்திரியானார், தங்கைகளுக்கு நிக்காஹ் செய்தார். இரண்டுக்கும் நாங்கள் போய்ப் பிரியாணி சாப்பிட்டோம். ஆட்டம் பார்க்க வருவார், கோல் விழுந்தால் எல்லோரோடும் சேர்ந்து குதிப்பார். கம்பத்தில் நிற்பவர் ஒரு பந்தைத் தவறவிடும்போது மட்டும் அவர் கைகள் தானாக முன்னால் போய்த் திரும்பும். எத்தனையோ சாமிகளுக்கு விளக்குப் போட்டிருக்கிறேன். நன்றி என்று நினைத்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த இரண்டு கைகள்தான்.

அந்தக் கூட்டத்துக்கும் நான் கடன்பட்டவள்தான். அடிக்க ஓடிவந்த அதே வேகத்தில் வேட்டியை அவிழ்த்த மனிதர்கள். கோப்பை போனதைப் பற்றி ஒருவராவது எங்கள் காதுபட ஒரு சொல் சொல்லியிருப்பார்களா? கிடையாது. ஆட்டத்துக்கு மறுநாள் நான் கூடத்துக்குள் நுழைந்தபோது பெரிய பெரிய ஆட்களெல்லாம் என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார்கள். ஒருவர் மதியச் சோற்று நேரத்தில் வந்து, "அம்மணி, நாங்க சந்தோசத்துல கவனிக்கலீங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடென்று போய்விட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அத்தைக்குத் தோள் கூடிவர இரண்டு மாதம் பிடித்தது. வைத்தியர் கொடுத்த எண்ணெயைக் காய்ச்சி, மத்தியான வெயிலில் முற்றத்தில் உட்காரவைத்துத் தேய்த்துவிடுவேன். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியிருந்தது. உப்பு இருக்கிறதா, துணி காய்ந்ததா என்கிற அளவில். ஒரு நாள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்.

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லோணும். நான் உள்ள உளுந்து கெடந்தப்ப, தொலஞ்சாத் தொலையட்டும்னு நெனச்சயா?"

என் கை நின்றுவிட்டது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் எட்டு மாதம் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, பேச ஆரம்பித்ததும் பொய்யா சொல்வது? விளிம்பில் குனிந்து பார்த்தபோது, கூச்சல் போடுவதற்கு முன்னால், எனக்குள் ஓடியது எனக்குத் தெரியும்.

"ஒரு நொடி நெனச்சேனுங்க அத்தை."

அத்தை திரும்பவில்லை. முதுகு மட்டும் ஒரு முறை ஏறி இறங்கியது. போச்சு, இனி ஆயுசுக்கும் பேச்சில்லை என்று முடிவுகட்டிவிட்டேன்.

"ஒரே ஒரு நொடிதானா?" என்றார். "உன்ற எடத்துல நானா இருந்திருந்தா, சித்த நேரம் நல்லா நின்னே ரோசிச்சிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்ததில் தோள் வலித்து "ஐயோ, அம்மா" என்றார், அதற்கும் என்னையே திட்டினார். நான் அவர் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அவர் நல்ல கையைப் பின்னால் கொண்டுவந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த என் தலையைத் தட்டிக்கொடுத்தார்.